போதைப்பொருள் தடுப்பில் அரசுகளுக்கிடையிலான ஒத்துழைப்பு

போதைப்பொருள் தடுப்பில் அரசுகளுக்கிடையிலான ஒத்துழைப்பு என்பது, போதைப்பொருட்களின் உற்பத்தி, கடத்தல், விற்பனை, தவறான பயன்பாடு ஆகியவற்றைக் கட்டுப்படுத்துவதற்காக நாடுகளும், ஒரே நாட்டினுள் அடங்கிய மாநில அரசுகளும் இணைந்து செயற்படுவதைக் குறிக்கும். உடன்படிக்கைகள், தகவல் பரிமாற்றம், கூட்டுச் சோதனைகள், குற்றவாளிகளை ஒப்படைத்தல், சிகிச்சைத் துறையில் பயிற்சி முதலியன இதன் வடிவங்களாகும்.

இந்த ஒத்துழைப்பு மூன்று நிலைகளில் நிகழ்கிறது. முதலாவது ஐக்கிய நாடுகள் அவையின் உடன்படிக்கைகளால் அமைந்த உலக நிலை. இரண்டாவது சார்க், பிம்ஸ்டெக் போன்ற அமைப்புகளின் வட்டார நிலை. மூன்றாவது ஒரு நாட்டின் மாநிலங்களுக்கு இடையிலான உள்நாட்டு நிலை. தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டம் இம்மூன்று நிலைகளும் ஒன்றுசேரும் இடங்களுள் ஒன்று. அதன் வடக்கே புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் நில எல்லையும், கிழக்கே வங்காள விரிகுடாவும் உள்ளன. சிதம்பரம் வழியாகச் செல்லும் தொடர்வண்டிப் பாதை அதனை வட மாவட்டங்களுடனும் காவிரிப் படுகையுடனும் இணைக்கிறது.

ஒத்துழைப்பின் தேவை

போதைப்பொருள் வணிகத்தின் தன்மையே இவ்வொத்துழைப்பைக் கட்டாயமாக்குகிறது. பயிர் ஒரு நாட்டில் விளைகிறது. அதைப் பதப்படுத்தத் தேவையான வேதிப்பொருள் வேறொரு நாட்டின் தொழிற்சாலையில் உருவாகிறது. சரக்கு மூன்றாவது நாட்டின் கடல் வழியே செல்கிறது. பணம் நான்காவது நாட்டில் சேர்கிறது. ஆனால் காவல்துறையின் அதிகாரமோ தன் நாட்டு எல்லையுடன் முடிந்துவிடுகிறது.

இந்தியா உலகின் இரு பெரும் அபின் உற்பத்திப் பகுதிகளுக்கு நடுவே அமைந்துள்ளது. மேற்கே ஆப்கானித்தான், ஈரான், பாக்கித்தான் ஆகியவற்றை உள்ளடக்கிய 'பொற்பிறை'யும், கிழக்கே மியான்மர், லாவோசு, தாய்லாந்து ஆகியவற்றை உள்ளடக்கிய 'பொன் முக்கோண'மும் உள்ளன. 2022 ஏப்ரலில் தாலிபான் அரசு அபின் பயிருக்குத் தடை விதித்ததைத் தொடர்ந்து 2023-இல் ஆப்கானித்தானின் சாகுபடி பெருமளவு வீழ்ந்தது. அதே ஆண்டில் மியான்மர் உலகின் மிகப்பெரிய அபின் உற்பத்தி நாடானது. ஓரிடத்தில் அடக்கப்படும் உற்பத்தி வேறோரிடத்தில் பெருகும் என்பதற்கு இது அண்மைய எடுத்துக்காட்டாகும்.

வரலாறு

போதைப்பொருள் கட்டுப்பாட்டின் வரலாற்றில் இந்தியா முதலில் இடம்பெற்றது ஏற்றுமதி நாடாகவே ஆகும். கடலூரின் தேவனாம்பட்டினத்தில் உள்ள புனித டேவிட் கோட்டையை 1690-இல் மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கிய ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1773-இல் வங்காளத்தில் அபின் வணிகத்தைத் தன் தனியுரிமையாக்கிக் கொண்டது. கல்கத்தாவில் ஏலம் விடப்பட்ட அபின் சீனாவுக்குச் சென்றது. அதனைச் சீனா தடுக்க முயன்றதன் விளைவாக 1839 முதல் 1842 வரையும், 1856 முதல் 1860 வரையும் இரு அபினிப் போர்கள் நடைபெற்றன.

1907-இல் பிரித்தானியாவும் சீனாவும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, இந்தியாவிலிருந்து சீனாவுக்குச் செல்லும் அபினின் அளவை ஆண்டுதோறும் பத்தில் ஒரு பங்கு குறைத்துப் பத்தாண்டுகளில் நிறுத்துவதென முடிவாயிற்று. 1909-இல் சாங்காய் நகரில் 13 நாடுகள் பங்கேற்ற பன்னாட்டு அபின் ஆணையம் கூடியது. அதன் தொடர்ச்சியாக 1912 சனவரி 23 அன்று நெதர்லாந்தின் ஹேக் நகரில் முதலாவது பன்னாட்டு அபின் உடன்படிக்கை கையெழுத்தானது. 1925-ஆம் ஆண்டின் செனீவா உடன்படிக்கையில் கஞ்சாவும் பன்னாட்டுக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது.

ஐக்கிய நாடுகள் உடன்படிக்கைகள்

இன்றைய பன்னாட்டுக் கட்டுப்பாட்டு முறை மூன்று உடன்படிக்கைகளின் மீது அமைந்துள்ளது. இந்தியா, இலங்கை இரண்டும் இம்மூன்றிலும் உறுப்பு நாடுகளாகும்.

1961 தனி உடன்படிக்கை: அபின், கஞ்சா, கோக்கா முதலிய தாவரம் சார்ந்த பொருட்களையும் அவற்றிலிருந்து பெறப்படும் மருந்துகளையும் பற்றியது. அவற்றின் பயன்பாட்டை மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும் மட்டும் வரையறுக்கிறது. 1964 திசம்பர் 13 அன்று நடைமுறைக்கு வந்தது. கஞ்சாச் செடியின் பூங்கொத்தும் காய்க்கொத்தும் கட்டுப்பாட்டுக்குள் வர, கொத்து இல்லாத இலையும் விதையும் வரையறையிலிருந்து விலக்கப்பட்டன. இலையிலிருந்து செய்யப்படும் 'பாங்கு' இந்தியாவின் சில மாநிலங்களில் அரசு உரிமத்துடன் விற்கப்படுவதற்கு இதுவே காரணம்.

1971 உளவெறியூட்டும் பொருட்கள் உடன்படிக்கை: ஆம்பெட்டமைன், எல்.எசு.டி., தூக்க மாத்திரைகள் போன்ற செயற்கைப் பொருட்களைப் பற்றியது. 1976-இல் நடைமுறைக்கு வந்தது.

1988 கடத்தல் தடுப்பு உடன்படிக்கை: வியன்னாவில் 1988 திசம்பரில் ஏற்கப்பட்டு 1990 நவம்பர் 11 அன்று நடைமுறைக்கு வந்தது. அரசுகளின் ஒத்துழைப்பைப் பொறுத்தவரை மூன்றிலும் முதன்மையானது இதுவே. குற்றவாளிகளை ஒப்படைத்தல், சான்றுகளைத் திரட்டுவதில் சட்ட உதவி, கடத்தல் வழி வந்த சொத்துகளைப் பறிமுதல் செய்தல், முன்னோடி வேதிப்பொருட்களைக் கண்காணித்தல் ஆகியவற்றுக்கு இது வழிவகுக்கிறது. கடத்தல் சரக்கைக் கண்ட இடத்திலேயே பிடிக்காமல், கண்காணிப்புடன் செல்லவிட்டு அதைப் பெறுபவரையும் அனுப்பியவரையும் சேர்த்துப் பிடிக்கும் முறைக்கும் இது இடமளிக்கிறது. வேறொரு நாட்டின் கொடியுடன் செல்லும் கப்பலின் மீது ஐயம் எழுந்தால், அந்நாட்டின் இசைவைப் பெற்று அதில் ஏறிச் சோதனையிடவும் இதன் 17-ஆம் பிரிவு வழிசெய்கிறது.

இவ்வுடன்படிக்கைகளின் நடைமுறையைப் பன்னாட்டுப் போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியம் கண்காணிக்கிறது. வியன்னாவைத் தலைமையிடமாகக் கொண்ட போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்புக்கான ஐக்கிய நாடுகள் அலுவலகம் நாடுகளுக்குத் தொழில்நுட்ப உதவியும் பயிற்சியும் அளிக்கிறது. ஆண்டுதோறும் சூன் 26 போதைப்பொருள் எதிர்ப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுவதற்கான தீர்மானத்தை ஐ.நா. பொது அவை 1987 திசம்பரில் நிறைவேற்றியது.

தெற்காசிய ஒத்துழைப்பு

தெற்காசிய நாடுகள் 1989-ஆம் ஆண்டைப் போதைப்பொருள் எதிர்ப்புக்கான சார்க் ஆண்டாகக் கடைப்பிடித்தன. 1990 நவம்பரில் மாலைத்தீவின் தலைநகர் மாலேயில் கூடிய ஐந்தாவது சார்க் உச்சிமாநாட்டில் போதைப்பொருட்கள் மற்றும் உளவெறியூட்டும் பொருட்கள் பற்றிய சார்க் உடன்படிக்கை கையெழுத்தாகி, 1993 செப்டம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. 1988-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையைத் தெற்காசிய வட்டாரத்தில் வலுப்படுத்துவது இதன் நோக்கமாகும். கடத்தல் பற்றிய தகவல்களைத் தொகுத்து உறுப்பு நாடுகளுக்கு வழங்குவதற்காக 1992-இல் கொழும்பில் சார்க் போதைப்பொருள் குற்றக் கண்காணிப்பு மையம் நிறுவப்பட்டது.

2014-இல் காட்மாண்டுவில் நடந்த மாநாட்டுக்குப் பின் சார்க் உச்சிமாநாடு கூடவில்லை. இந்தியா, பாக்கித்தான் இடையிலான அரசியல் முரண்பாடு போதைப்பொருள் பற்றிய ஒத்துழைப்பையும் பாதித்தது. இதனால் பாக்கித்தான் இடம்பெறாத பிம்ஸ்டெக் அமைப்பு முதன்மை பெற்றது. அதன் உறுப்பு நாடுகள் பயங்கரவாதம், நாடு கடந்த குற்றங்கள், போதைப்பொருள் கடத்தல் ஆகியவற்றைத் தடுப்பதற்கான உடன்படிக்கையில் 2009 திசம்பரில் கையெழுத்திட்டன. அது நடைமுறைக்கு வர 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சிகிச்சையிலும் விழிப்புணர்விலும் கவனம் செலுத்தும் கொழும்புத் திட்டத்தின் போதைப்பொருள் ஆலோசனைத் திட்டம் 1973-இல் தொடங்கப்பட்டது. ஆசிய நாடுகளின் மருத்துவப் பணியாளர்களுக்கும் ஆற்றுப்படுத்துநர்களுக்கும் பயிற்சி அளிப்பது இதன் பணிகளுள் ஒன்றாகும்.

இந்தியாவும் இலங்கையும்

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான கடல் எல்லை 1974, 1976 ஆகிய ஆண்டுகளின் ஒப்பந்தங்களால் வரையறுக்கப்பட்டது. இராமநாதபுரம், நாகப்பட்டினம், தூத்துக்குடி மாவட்டக் கரைகளிலிருந்து இலங்கையின் வடக்கு, வடமேற்குக் கரைகளுக்குக் கஞ்சா கடத்தப்படுவது நெடுங்காலமாகப் பதிவாகி வருகிறது. இவ்வாறு செல்லும் கஞ்சா, அது எங்கு விளைந்ததாயினும், இலங்கையில் 'கேரள கஞ்சா' என்றே அழைக்கப்படுகிறது.

மேற்கிலிருந்து வரும் ஹெரோயினும் மெத்தம்பெட்டமைனும் ஆழ்கடலில் படகு மாற்றப்பட்டு இலங்கையை நோக்கிச் செல்கின்றன. 2020 நவம்பரில் தூத்துக்குடிக்குத் தெற்கே இலங்கைப் படகொன்றிலிருந்து ஏறக்குறைய 100 கிலோ ஹெரோயினை இந்தியக் கடலோரக் காவல்படை கைப்பற்றியது. 2021 மார்ச்சில் அரபிக்கடலில் மற்றொரு இலங்கைப் படகிலிருந்து 300 கிலோ ஹெரோயினும் துப்பாக்கிகளும் கைப்பற்றப்பட்டன. 2024 நவம்பரில் இலங்கைக் கடற்படை அளித்த தகவலின் பேரில், இலங்கைக் கொடியுடன் சென்ற இரு மீன்பிடிப் படகுகளை இந்தியக் கடற்படை அரபிக்கடலில் மறித்தது. அவற்றிலிருந்து சுமார் 500 கிலோ மெத்தம்பெட்டமைன் கைப்பற்றப்பட்டது. படகுகளும் அவற்றில் இருந்தவர்களும் சரக்கும் இலங்கை அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட ஏற்பாடாயிற்று. ஒரு நாட்டின் தகவலும் மற்றொரு நாட்டின் கப்பலும் சேர்ந்தால்தான் ஆழ்கடல் கடத்தலைத் தடுக்க முடியும் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

இந்தியச் சட்டமும் அமைப்புகளும்

பன்னாட்டு உடன்படிக்கைகளை நிறைவேற்றும் வகையில் இந்தியா போதை மருந்துகள் மற்றும் உளவெறியூட்டும் பொருட்கள் சட்டத்தை இயற்றியது. இது 1985 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன்கீழ் 1986 மார்ச் 17 அன்று போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகம் அமைக்கப்பட்டது. பிற நாடுகளுடனும் மாநிலக் காவல்துறைகளுடனும் தொடர்பை ஒருங்கிணைப்பது இப்பணியகத்தின் பொறுப்பாகும்.

இச்சட்டத்தில் தண்டனை பொருளின் அளவைப் பொறுத்து அமைகிறது. கஞ்சாவுக்கு 1 கிலோ வரை சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு ஆகும். ஹெரோயினுக்கு இவ்வளவுகள் முறையே 5 கிராம், 250 கிராம் ஆகும். வணிக அளவுக்குக் குறைந்தது 10 ஆண்டுகள் கடுங்காவல் தண்டனை விதிக்கப்படுகிறது; பிணை பெறுவதும் கடினம்.

ஒன்றிய, மாநில அமைப்புகளை ஒருங்கிணைப்பதற்காக நான்கு அடுக்குகள் கொண்ட ஒருங்கிணைப்பு மையம் இயங்குகிறது. இதன் மாவட்ட நிலைக் குழுவுக்கு மாவட்ட ஆட்சியர் தலைவராவார். வியன்னாவில் ஏற்கப்பட்ட ஒரு கடமை மாவட்ட ஆட்சியரின் அலுவலகத்தை வந்தடைவது இந்த அடுக்குகளின் வழியாகவே ஆகும்.

கடலூர், சிதம்பரம் பகுதி

புதுச்சேரி எல்லை: கடலூர் நகருக்கு வடக்கே அமைந்துள்ள எல்லை 1954 நவம்பர் 1 வரை இரு அரசுகளின் ஆட்சிப் பகுதிகளைப் பிரித்த எல்லையாகும். 1947-க்குப் பின் அது இந்தியாவுக்கும் பிரான்சின் ஆட்சிப் பகுதிக்கும் இடையிலான பன்னாட்டு எல்லையாக இருந்தது. 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தபோது எல்லைக்கு அப்பால் அச்சட்டம் செல்லுபடியாகவில்லை. இன்றும் மதுவைப் பொறுத்தவரை தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டமும், புதுச்சேரியில் 1970-ஆம் ஆண்டின் கலால் சட்டமும் தனித்தனியே உள்ளன. வரி வேறுபாட்டால் புதுச்சேரியில் மதுவின் விலை குறைவு. எனவே கடலூர் ஆல்பேட்டையில் உள்ள சோதனைச்சாவடியில் மதுக் கடத்தலைத் தடுப்பதற்கான வாகனச் சோதனை நடைபெறுகிறது.

கஞ்சாவின் நிலை வேறு. எல்லையின் இரு பக்கங்களிலும் 1985-ஆம் ஆண்டின் ஒரே ஒன்றியச் சட்டமே பொருந்தும். தமிழ்நாட்டுக் காவலர் ஒருவர் குற்றவாளியைத் துரத்திச் சென்று இந்தியாவின் எப்பகுதியிலும் கைதுசெய்யச் சட்டம் இடமளிக்கிறது. கடலில் அவ்வாறு இல்லை. எல்லைக் கோட்டைக் கடந்த படகை அயல்நாட்டின் இசைவின்றித் தொடர இயலாது. ஒரே மாவட்டத்தின் நில எல்லைக்கும் கடல் எல்லைக்கும் இடையிலான இவ்வேறுபாடு, உள்நாட்டு ஒத்துழைப்பும் பன்னாட்டு ஒத்துழைப்பும் எவ்விடத்தில் பிரிகின்றன என்பதைத் தெளிவாக்குகிறது.

தொடர்வண்டிப் பாதை: தமிழ்நாட்டில் பிடிபடும் கஞ்சாவின் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசம், ஒடிசா மாநிலங்களின் எல்லையிலுள்ள மலைப்பகுதிகளில் விளைவது ஆகும். அது தொடர்வண்டி, பேருந்து, சரக்குந்து ஆகியவற்றின் மூலம் சென்னை வழியாகப் பிற மாவட்டங்களுக்குக் கொண்டுவரப்படுகிறது. விழுப்புரம், கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை வழியாகச் செல்லும் முதன்மைப் பாதையும் இத்தகைய சோதனைகளுக்கு உட்படுகிறது. சிறு கூலிக்குச் சரக்கைச் சுமந்து வருவோர் பேச்சுவழக்கில் 'குருவி' எனப்படுகின்றனர். 2021-இல் ஆந்திரக் காவல்துறை 'பரிவர்த்தனா' என்ற நடவடிக்கையின் மூலம் மலைப்பகுதிகளில் ஆயிரக்கணக்கான ஏக்கர் கஞ்சாப் பயிரை அழித்தது. அதே ஆண்டு திசம்பரில் தமிழ்நாடு காவல்துறை 'கஞ்சா வேட்டை' என்ற நடவடிக்கையைத் தொடங்கியது. பயிரிடும் மாநிலமும் நுகரும் மாநிலமும் ஒரே காலத்தில் செயற்பட்டது இதன் சிறப்பாகும்.

கடற்கரை: தேவனாம்பட்டினம் முதல் பரங்கிப்பேட்டை, பிச்சாவரம் அலையாத்திக் காடுகள், கொள்ளிடம் கழிமுகம் வரை கடலூர் மாவட்டத்தின் கடற்கரை நீள்கிறது. இலங்கைக்கு மிக அருகிலுள்ள கரைகள் இதற்குத் தெற்கே இருப்பினும், கழிமுகங்களும் உப்பங்கழிகளும் நிறைந்த கரையைக் கண்காணிப்பது எளிதன்று. கரைக்கு அருகில் தமிழ்நாடு காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமமும், அதற்கப்பால் இந்தியக் கடலோரக் காவல்படையும், ஆழ்கடலில் கடற்படையும் பொறுப்பேற்கின்றன. இவை இணைந்து நடத்தும் 'சாகர் கவச்' என்னும் ஒத்திகையில் கடலூர் மாவட்டமும் பங்கேற்கிறது. ஐயத்துக்குரிய படகுகளைப் பற்றி மீனவர்கள் 1093 என்ற எண்ணில் தகவல் தரலாம். 2020 சூனில் மாமல்லபுரம் அருகே மெத்தம்பெட்டமைன் அடங்கிய பொட்டலங்கள் கரை ஒதுங்கின. இது போன்ற நிகழ்வுகளில் சரக்கை முதலில் காண்பவர் கரையோர மக்களே ஆவர்.

கல்வி நிலையங்கள்: 1929-இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தால் சிதம்பரம் பல மாநில மாணவர்கள் தங்கிப் பயிலும் நகரமாக உள்ளது. 2022 ஆகத்து 11 அன்று தமிழ்நாடு அரசு மாநிலம் முழுவதும் கல்வி நிலையங்களில் போதைப்பொருள் எதிர்ப்பு உறுதிமொழி ஏற்கும் நிகழ்வை நடத்தியது. 2020 ஆகத்து 15 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய போதையில்லா பாரதம் இயக்கம் முதற்கட்டமாக 272 மாவட்டங்களில் செயற்பட்டது.

தேவையைக் குறைத்தலும் சிகிச்சையும்

கடத்தலைத் தடுப்பது 'வழங்கலைக் குறைத்தல்' எனவும், பயன்படுத்துவோரின் எண்ணிக்கையைக் குறைப்பது 'தேவையைக் குறைத்தல்' எனவும் அழைக்கப்படுகின்றன. இவ்விரண்டாவது பணியில் அரசுகளின் ஒத்துழைப்பு ஒப்பீட்டளவில் குறைவு.

இந்திய அரசுக்காக அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் 10 முதல் 75 அகவைக்குட்பட்டோரில் 14.6 விழுக்காட்டினர் மதுவையும், 2.8 விழுக்காட்டினர் கஞ்சா வகைகளையும், ஏறத்தாழ 2.1 விழுக்காட்டினர் அபின் சார்ந்த பொருட்களையும் பயன்படுத்தினர். சட்டவிரோதப் போதைப்பொருளுக்கு அடிமையானோரில் 20 பேருக்கு ஒருவரும், மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரும் மட்டுமே ஏதேனும் ஒரு வகைச் சிகிச்சை பெற்றிருந்தனர்.

இந்தியச் சட்டத்தின் 64அ பிரிவு சிகிச்சைக்கு வழி தருகிறது. போதைப்பொருளைப் பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றஞ்சாட்டப்பட்ட அடிமைப்பட்டவர், அரசு ஏற்பு பெற்ற மையத்தில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையை முடிக்காவிடில் இவ்விலக்கு நீக்கப்படலாம். இப்பிரிவைப் பற்றி அறியாததால் பலருடைய குடும்பத்தினர் உதவி நாடத் தயங்குகின்றனர். ஆலோசனைக்கு 14446 என்ற தேசிய உதவி எண்ணும், கடத்தல் பற்றிய தகவலுக்கும் உதவிக்கும் 2024-இல் தொடங்கப்பட்ட 1933 என்ற எண்ணும் உள்ளன.

சிக்கல்களும் விமர்சனங்களும்

* காலத்தாழ்வு: ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குச் சான்றுகள் வெளியுறவு அலுவலகங்கள் வழியே வந்துசேர நீண்ட காலம் ஆகிறது. கடத்தல் வலையமைப்போ சில நாட்களில் வழியை மாற்றிக்கொள்கிறது.
* கீழ்நிலையினர் மீதான தண்டனை: சரக்கைச் சுமப்பவரும் படகில் செல்பவரும் எளிதில் பிடிபடுகின்றனர். பணம் போட்டு ஏற்பாடு செய்பவர் வேறு மாநிலத்திலோ வேறு நாட்டிலோ இருப்பதால் தப்பிவிடுகிறார். ஒத்துழைப்பு உடன்படிக்கைகளின் உண்மையான தேர்வு இவ்விடத்திலேயே உள்ளது.
* மீனவர் நிலை: கடலோரக் கண்காணிப்பு மீனவரின் தகவலை நம்பியுள்ளது. ஆனால் எல்லை மீறல் கைதுகளும் அடிக்கடி நிகழும் சோதனைகளும் அவர்களுடைய நம்பிக்கையைக் குறைக்கின்றன.
* பொருள் மாற்றம்: கஞ்சா, ஹெரோயின் ஆகியவற்றின் மீது கெடுபிடி கூடும்போது வலிநிவாரணி மாத்திரைகளின் தவறான பயன்பாடு பெருகுகிறது. இந்தியா 2018-இல் டிரமடால் மருந்தைப் போதைப்பொருள் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்தது.
* அணுகுமுறை வேறுபாடு: 2016-இல் நடைபெற்ற ஐ.நா. பொது அவையின் சிறப்பு அமர்வு உடல்நலத்துக்கும் மனித உரிமைகளுக்கும் கூடுதல் இடமளித்தது. 2020 திசம்பரில் கஞ்சாவை 1961 உடன்படிக்கையின் மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து நீக்கும் முடிவு 27-க்கு 25 என்ற வாக்குகளில் நிறைவேறியது. இந்தியா இதற்கு ஆதரவாக வாக்களித்தது. ஆயினும் கஞ்சா முதலாம் பட்டியலில் தொடர்வதால் அதன் மீதான பன்னாட்டுக் கட்டுப்பாடு நீடிக்கிறது.

கைப்பற்றப்படும் சரக்கின் எடை ஒத்துழைப்பின் ஓர் அளவுகோல் மட்டுமே. எல்லையில் பிடிபட்ட அளவு கூடியதைக் கொண்டு கடத்தல் பெருகியதா, கண்காணிப்பு மேம்பட்டதா என்று கூற இயலாது. சிகிச்சை பெற்றோரின் எண்ணிக்கையும், ஏற்பாட்டாளர் மீதான வழக்குகள் தண்டனையில் முடிந்தனவா என்பதும் சேர்த்துப் பார்க்கப்பட வேண்டியவை.

இவற்றையும் பார்க்க

* அபினிப் போர்கள்
* சார்க்
* பிம்ஸ்டெக்
* மதுவிலக்கு
* பாக்கு நீரிணை
* கடலூர் மாவட்டம்
* சிதம்பரம்
* புதுச்சேரி